சேர்க்கைப் படிவத்தில் வரும் அந்தக் கேள்வி

ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: மாணவர் அபோரிஜினல் அல்லது டாரஸ் நீரிணைத் தீவு வம்சாவளியா? அதாவது, இந்த மண்ணின் பூர்வகுடியா என்று. மருத்துவமனையிலும் இதையே கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், "நிறத்தைத்தான் கேட்கிறார்கள் போல" என்று 'ஆம்' போட்டுவிட்டு, பள்ளியிலிருந்து விசாரித்தபோது அசடு வழிந்தார். நிறம் இதில் கணக்கே இல்லை. வம்சாவளி இருக்க வேண்டும், தன்னை அப்படி அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும், அந்தச் சமூகமும் ஏற்க வேண்டும். வெள்ளைத் தோலும் செம்பட்டை முடியுமாக ஒரு பூர்வகுடிப் பெண் உங்கள் மகளின் வகுப்பில் இருக்கலாம். "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'ஆதிவாசி' என்ற சொல்லையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பூர்வகுடி என்றால் போதும்.

அடுத்து வீட்டில் வரக்கூடிய கேள்வி: "அம்மா, ஸ்கூல்ல ஒரு ரூம் இருக்கு, அங்கே என்னைச் சேர்க்க மாட்டாங்களாம், ஏன்?" பல அரசுப் பள்ளிகளில் ஸ்டார்ஸ் என்ற அமைப்பு பூர்வகுடி மாணவிகளுக்கென்று ஓர் அறையும், முழுநேரமாக அவர்களோடு இருக்கும் பெண் வழிகாட்டிகளும் வைத்திருக்கிறது. பையன்களை 'ஃபுட்டி' என்ற ஆஸ்திரேலியக் கால்பந்தை வைத்துப் பள்ளிக்கு இழுக்கும் கிளான்டார்ஃப் அமைப்பு 2000லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு அப்படி எதுவும் பெரிதாக இல்லாத குறையைத் தீர்க்க வந்தவற்றில் ஒன்றுதான் 2015ல் தொடங்கிய ஸ்டார்ஸ். அதைச் சலுகை என்று மகளிடம் புலம்ப வேண்டாம். பூர்வகுடி மாணவர்களுக்கு அரசு தரும் அப்ஸ்டடி உதவித்தொகை பற்றியும் நம் கூட்டங்களில் இதே புலம்பலைக் கேட்டிருக்கிறேன். தொலைதூர ஊரிலிருந்து விடுதிக்கு வந்து படிக்கும் பெண்ணின் பயணச் செலவும் தங்கும் செலவும் அதில் அடங்கும். அவள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி இருந்தால் அவள் ஏன் விடுதிக்கு வரப்போகிறாள்?

இந்த விடுதி என்ற சொல்லில்தான் நாம் தடுக்கி விழுகிறோம். நமக்கு விடுதி என்றால் கண்டிப்பு, நல்ல மார்க். இங்கே அதற்கு வேறொரு நினைவு இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் கூட்டமுண்ட்ராவில் 1910களிலிருந்து 1960களின் கடைசி வரை பூர்வகுடிப் பெண் குழந்தைகளுக்கென்று அரசு ஓர் இல்லம் நடத்தியது. தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, வீட்டு வேலைக்குப் பழக்கி, வெள்ளைக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பாட்டியை அப்படிப் பறிகொடுத்த குடும்பம், பேத்தியை விடுதிக்கு அனுப்பு என்றால் எப்படி அனுப்பும்?

அப்படியும் சில குடும்பங்கள் அனுப்பியதற்கு ஒரு காரணம், பள்ளியை நடத்தியது தங்கள் ஆட்கள் என்பது. மெல்பர்னுக்கு வடகிழக்கே ஹீல்ஸ்வில்லில் உள்ள வொராவா கல்லூரியை 1983ல் தொடங்கியவர் யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த ஹில்லஸ் மாரிஸ். பின்னால் அதைப் பல்லாண்டு நடத்தியவர் அவருடைய தங்கை லோயிஸ் பீலர். பிற்காலத்தில் அது பெண்களுக்கு மட்டுமான விடுதிப் பள்ளியானது. பள்ளி நிற்கும் நிலம் கொரன்டெர்க் என்ற பழைய பூர்வகுடிக் குடியிருப்பின் ஒரு பகுதி. 1863ல் உருவாகி, விவசாயம் செய்து நன்றாக நடந்துகொண்டிருந்த குடியிருப்பு அது. வில்லியம் பராக் என்ற பூர்வகுடித் தலைவரின் தலைமையில் அந்த மக்கள் மெல்பர்னுக்கு நடந்தே போய் அரசிடம் முறையிட்டும், 1924ல் அதை மூடிவிட்டார்கள். நிலத்தை இழப்பது என்றால் என்னவென்று ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஏன் பெண்கள் மட்டும்? பல பூர்வகுடிச் சமூகங்களில் பெண்களுக்கென்று தனியான அறிவும் சடங்குகளும் உண்டு. ஆண்கள் முன் அதைப் பேச மாட்டார்கள். பதின்பருவத்தில் அதைச் சொல்லித்தர மூத்த பெண்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொரு கோணத்தில் யோசித்த இடமும் உண்டு: குயின்ஸ்லாந்தில் கேர்ன்ஸுக்கு வடக்கே, கேப் யார்க் கேர்ள் அகாடமி, குழந்தை பெற்ற பெண் தன் கைக்குழந்தையோடு விடுதியில் தங்கிப் படிக்க வழி செய்தது. நம் ஊரில் அந்த வயதில் குழந்தை என்றால் படிப்பு அதோடு முடிந்தது.

சரி, நீங்கள் ஆசிரியராகவோ, தாதியாகவோ, விடுதிப் பணியாளராகவோ இப்படி ஓர் இடத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளோடு வேலை செய்ய அந்தந்த மாநில அனுமதி வேண்டும். வடக்குப் பிரதேசத்தில் ஓக்கர் கார்டு, குயின்ஸ்லாந்தில் புளூ கார்டு. அதை வாங்குவது சுலபம். பழக்கங்களைக் கற்பதற்குத்தான் நாளாகும்.

தொலைதூர ஊர்களிலிருந்து வரும் பெண்களில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. வகுப்பில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி எழுப்பாதீர்கள், பாராட்டுவதற்குக்கூட. "ஷேம்" என்று முகத்தை மூடிக்கொள்வாள். இந்த 'ஷேம்' அவமானம் இல்லை. பத்துப் பேர் பார்வை தன்மேல் விழும்போது வரும் கூச்சம். கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பாட்டிமார் வளர்த்த பெண்களும் பெரியவர்கள் முன் தலை நிமிர்ந்தா பேசினார்கள்?

ஊரில் ஒரு சாவு என்றால் அவள் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு 'சாரி பிஸ்னஸ்' என்று பெயர். சித்தியா, ஒன்றுவிட்ட பாட்டியா என்று கேட்டு உறவை அளக்காதீர்கள். அவர்கள் முறையில் அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான். எட்டுச் செலவு, பதினாறாம் நாள், அந்தியேட்டி என்று கணக்கு வைத்திருக்கும் நமக்கு இது புரியாமல் போக நியாயமில்லை. ஆனால் ஒரு வித்தியாசம்: நாம் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு மாட்டுவோம். அங்கே பல சமூகங்களில் படத்தை எடுத்துவிடுவார்கள், பெயரையும் சொல்ல மாட்டார்கள். அவள் திரும்பி வந்ததும் "யார், எப்படி?" என்று துருவ வேண்டாம்.

மூத்த பெண்களை 'ஆன்ட்டி' என்று எல்லாரும் அழைப்பதைக் கேட்பீர்கள். நம் ஆன்ட்டி மாதிரி வயதான யாரையும் அழைக்கும் சொல் இல்லை அது, மரியாதைப் பட்டம். உங்களுக்கு அப்படி அறிமுகப்படுத்தினால் அழையுங்கள். அப்புறம், ஒரு பெண் உங்கள் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு "டெட்லி" என்று சொன்னால் பதறாதீர்கள். பிரமாதம் என்று அர்த்தம்.