திரும்பி வந்த பார்சலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் வீட்டு முன்கூடம்தான் கடை. நானும் அண்ணியும் சேலை, பஞ்சாபி சூட், பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை, தீபாவளி நெருங்கினால் முறுக்கு, அச்சுமுறுக்கு என்று ஆன்லைனில் விற்கிறோம். இந்த வட்டாரத்தில் எங்களைப் போல் விற்கிற பெண்கள் நிறைய பேர். லைவ் எப்படிப் போடுவது, எந்தக் கூரியர் மலிவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேராமல் நம் வாசலுக்கே திரும்பி வந்துவிட்ட பார்சலை என்ன செய்வது என்று மட்டும் பேசுவதே இல்லை. காசு சத்தமில்லாமல் ஒழுகுவது அங்கேதான், நல்ல வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போவதும் அங்கேதான்.

பெரிய தவறு எது என்று கேட்டால், பெட்டியைத் திறக்காமல் வைப்பது என்றுதான் சொல்வேன். தீபாவளி நெருக்கத்தில் ஒரு தடவை எங்களுக்கு மூன்று பார்சல் ஒரே நாளில் திரும்பி வந்தது. அனுப்ப வேண்டியதே நாற்பது ஐம்பது கிடக்கிறது, இதை யார் பார்ப்பது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம். பண்டிகை எல்லாம் முடிந்து, அண்ணி கூட்டும்போது துடைப்பத்தில் தட்டுப்பட்ட பிறகுதான் ஞாபகமே வந்தது. வெளி பிளாஸ்டிக் பையின் ஒரு மூலையில் சின்னக் கிழிசல், அதற்குமேல் ஒரு துண்டு டேப். உள்ளே மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலை, அந்தக் கிழிசலுக்கு நேராக மடிப்பு ஓரத்தில் கடுகு தூவினதுபோல் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. மழையில் எங்கோ நனைந்து, அப்படியே மூன்று வாரம் புழுங்கியிருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாம் என்று பார்த்தால் கெடு முடிந்திருந்தது. கூரியரும் சரி, விற்பனைத் தளங்களும் சரி, சேதம் என்று சொல்ல உங்களுக்குக் கொடுப்பது சில நாள்கள்தான். இதைவிட எனக்கு மனசு கஷ்டமானது வேறு விஷயம். அந்தச் சேலையை ஆர்டர் செய்த அக்கா தீபாவளிக்குத் தன் மாமியாருக்குக் கட்டிவிட வாங்கினது, பார்சல் எங்கே என்று இரண்டு முறை வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார், நாங்கள் ‘வந்துவிடும்கா’ என்று பதில் போட்டிருக்கிறோம். பார்சலோ எங்கள் கட்டிலுக்கு அடியில்.

அதனால் திரும்பி வந்ததைச் சரக்கு என்று நினைக்காதீர்கள், இன்னும் முடியாமல் கிடக்கிற ஆர்டர் என்று நினையுங்கள். வந்த அன்றே திறக்க வேண்டும். திறக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும், அதுவும் பாதியிலிருந்து இல்லை. லேபல், டேப் ஒட்டியிருக்கிற விதம், ஆறு பக்கமும் காட்டி, அப்புறம் வெட்டி, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கிற வரைக்கும் ஒரே வீடியோவாக. பெட்டி நசுங்கியோ, வேறு நிற டேப் ஒட்டியோ வந்தால், கொண்டுவந்த ரைடர் நிற்கும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். சேலை சரியாக இருந்தாலும் ஃபால்ஸ் தைத்திருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கடையில் இருப்பு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். திறக்காத பெட்டியை நம்பி ‘ஒன்று இருக்கிறது’ என்று போட்டு, அதை இன்னொருவர் வாங்கிவிட்டால் அந்தத் தலைவலி தனி.

அடுத்த தவறு, ஏன் திரும்பியது என்று பார்க்காமலே வாடிக்கையாளரைத் திட்டுவது. டிராக்கிங்கைத் திறந்தால் காரணம் போட்டிருப்பார்கள். ஆள் இல்லை, முகவரி போதவில்லை, போன் கிடைக்கவில்லை, வாங்க மறுத்தார், இப்படி. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. முகவரி போதவில்லை என்று திரும்பியதை அதே லேபலோடு மறுபடி அனுப்பினால் மறுபடியும் திரும்பித்தான் வரும், போகவர எல்லாம் உங்கள் செலவு.

தோட்டத்து முகவரிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பார்சல் அதிகம் திரும்புவது இதனால்தான். எங்கள் பக்கத்து ஹார்வார்டு தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரிவுகள், பிரிவுக்கொரு தமிழ்ப்பள்ளியே உண்டு. வெறும் ‘ஹார்வார்டு தோட்டம், பீடோங்’ என்று எழுதினால் ஊருக்குப் புதிதான ரைடர் எந்த வழியில் போவார்? இதற்குமேல், பல தோட்டங்களுக்குப் பெயர் இரண்டு. போர்டில் ஒன்று இருக்கும், நம் வாயில் மேட்டுத்தோட்டம், செட்டித்தோட்டம் என்று வேறொன்று இருக்கும். வாடிக்கையாளர் பழக்கத்தில் வாயில் வருகிற பெயரையே எழுதிவிடுவார், அது வரைபடத்தில் இருக்காது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டுக்கு எண் இருந்தாலும் சுவரில் அழிந்திருக்கும். நுழைவாயிலில் ஜாகா, அதாவது காவலாளி, உள்ளே விடமாட்டார். ஆகவே தோட்டம் என்று கண்ணில் பட்டாலே அனுப்பும் முன்பே கேளுங்கள்: எந்தப் பிரிவு, பக்கத்தில் கோயிலா பள்ளியா, பார்சலை ஆபீஸில் விடலாமா, ஜாகாவிடம் விடலாமா, வெளியே ரோட்டோரக் கடையில் விடலாமா. அந்தப் பதிலை அப்படியே மலாய் மொழியில் முகவரியின் முதல் வரியில் போட்டுவிடுங்கள். குறிப்பு என்று தனியாக ஓர் இடம் இருக்குமே, அது லேபலில் அச்சாகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் அதை நம்புங்கள்.

ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. இங்கேயிருந்து விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறி கூலிம், பினாங்கு என்று போகிறவர்கள் எத்தனை பேர்! பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பல இடங்களில் கைப்பேசி லாக்கரில். இரவு ஷிப்ட் என்றால் ரைடர் வருகிற பகல் நேரத்தில் தூக்கம். இன்னொன்று, பார்சல் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிற மோசடி அழைப்புகள் வந்து வந்து தெரியாத எண் என்றால் யாருமே எடுப்பதில்லை, அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஏமாந்தவர்கள் உடனே கூப்பிட அரசாங்கமே 997 என்ற எண்ணை வைத்திருக்கிறதே. எனவே பார்சல் திரும்பியதும் புது எண்ணிலிருந்து கூப்பிட்டு, ‘லிங்க்கை அழுத்தி முகவரி போடுங்கள்’ என்று அனுப்பாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே பேசிய அதே கடை எண்ணிலிருந்து, ‘அக்கா, நீங்கள் எடுத்த பச்சைச் சேலை திரும்பி வந்துவிட்டது, நேற்று இரண்டு மணிக்கு ரைடர் வந்தாராம், உங்களுக்கு எந்த நாள் ஓய்வு?’ என்று எழுதிப் படத்தையும் போடுங்கள். பெரும்பாலும் அன்று ராத்திரியே பதில் வந்துவிடும். வேலையிடத்து முகவரி கொடுத்தால், அந்த மாநிலத்தில் என்றைக்கு விடுமுறை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. ஒரு பினாங்குக் கடைக்காரர் அலோர்ஸ்டார் அலுவலகம் ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை போய்ச் சேருகிற மாதிரி அனுப்பினால் கதவுதான் பூட்டியிருக்கும்.

நம் கெடாக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று, அஞ்சல் குறியீட்டில் இருக்கிற பூஜ்யம். பீடோங் 08100, சுங்கை பட்டாணி 08000. ஆர்டர்களை எக்செலில் தட்டினால் முன்னால் இருக்கிற பூஜ்யத்தை அது தானாகத் தின்றுவிடும், 8100 என்று நிற்கும். நான்கு இலக்கம்தானே இருக்கிறது, ஒன்று குறைகிறதே என்று யாராவது கடைசியில் பூஜ்யம் சேர்த்தால் 81000. அது ஜொகூரில் கூலாய்! சுங்கை பட்டாணிக்கு அப்படிச் சேர்த்தால் 80000, அதுவோ ஜொகூர் பாரு. கைப்பேசி எண்ணிலும் இதே கதை. 011இல் தொடங்கும் எண்ணுக்கு மொத்தம் பதினொரு இலக்கம், மற்றவற்றுக்குப் பத்து. அனுப்பும் முன் எண்ணிப் பாருங்கள். எக்செலில் அந்த வரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுத் தட்டினால் பூஜ்யம் போகாது. திரும்பி வந்த பார்சலின் லேபலையும் வாடிக்கையாளர் முதலில் அனுப்பிய மெசேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தவறு நம் பக்கம் இருப்பது நினைப்பதைவிட அதிகம்.

பலகாரம் திரும்பி வந்தால் சீல் பிரியாமல் இருந்தாலும் மறுபடி விற்காதீர்கள். போக நாலைந்து நாள், அங்கே காத்திருப்பு, வர நாலைந்து நாள், அத்தனையும் வேன் சூட்டிலும் கிடங்குச் சூட்டிலும். முறுக்கு மொறுமொறுவென்றுதான் இருக்கும், ஆனால் மூடியைத் திறந்ததும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். கோயிலுக்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நமக்கு விற்க மனமில்லாததைச் சாமி பெயரில் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது? கொட்டிவிட்டு, வாடிக்கையாளருக்குப் புதிதாகச் சுட்டு அனுப்புங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள். அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கையும் வேறு யாருக்கும் ஆகாது, ஆகவே தைக்கும் முன் முன்பணம் வாங்கிவிடுவது நல்லது.

மறுபடி அனுப்பும்போது வந்த பெட்டியிலேயே போட்டு அனுப்பாதீர்கள், பெட்டி தேவைக்குமேல் பெரிதாக இருந்தால் கூரியர் செலவு ஏறும். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செண்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்து அதையும் எடையாகப் பார்ப்பார்கள். 40, 30, 20 செண்டிமீட்டர் பெட்டி என்றால் 4.8 கிலோ, உள்ளே ஒரு கிலோ துணிதான் இருந்தாலும்.

பணம். விற்பனைத் தளத்தில் வாங்கியிருந்தால், பார்சல் சேராதபோது அவர்களே பணத்தைத் திருப்பிவிடுவது வழக்கம். அதைப் பார்க்காமல் நீங்களும் பாவம் என்று டுயிட்நவ்வில் (கைப்பேசி வழி வங்கிப் பரிமாற்றம்) போட்டுவிட்டால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். வாட்ஸ்அப்பில் நேராக வாங்கியிருந்தால் இதற்கு நேர்மாறு. பணமும் நம்மிடம், சேலையும் நம்மிடம், அவர் கேட்கட்டும் பார்ப்போம் என்று சும்மா இருப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரண்டு நாளைக்குள் நாமே கேட்க வேண்டும், மறுபடி அனுப்பவா, பணம் திருப்பவா என்று. முகவரியை நாம் தப்பாகத் தட்டியிருந்தால் இரண்டாவது அஞ்சல் செலவு நம்முடையது. அவர் தப்பாகக் கொடுத்திருந்தால் அந்தச் செலவை மட்டும் கேட்கலாம், ஆனால் இதை வாங்கும்போதே எழுதிப் போட்டிருக்க வேண்டும், பார்சல் திரும்பிய பிறகு புதுச் சட்டம் போடக் கூடாது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான புகார்களைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக அவர்களுக்கு உரிமை உண்டு, அங்கே உங்கள் கையில் இருக்கிற மெசேஜ்கள்தான் பேசும். வாசலில் பணம் கொடுக்கிற ஆர்டர் என்றால் அனுப்பும் முன் ஒரு மெசேஜ் போட்டு ‘சரி’ என்று பதில் வந்த பிறகு அனுப்புங்கள்.

கோபத்தில் சிலர் செய்வது இன்னொன்று: வாங்க மறுத்தவர் லேபலைப் படமெடுத்து, ‘இவரை நம்பாதீர்கள்’ என்று பேஸ்புக்கில் போடுவது. அதில் பெயர், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் இருக்கிறது. ஒரு பெண்ணின் வீடு எங்கே என்று ஊருக்கே காட்டுகிறீர்கள். வியாபாரத்துக்காக வாங்கிய விவரத்தை இப்படிப் பரப்பக் கூடாது என்பதற்கென்றே 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழைய லேபலைக் குப்பையில் போடும்போதும் கிழித்து, எண் தெரியாதபடி மையடித்துப் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்த முகவரி. தளங்களில் பார்சல் எடுக்க வருகிற முகவரி ஒன்று, திரும்பி வருகிற முகவரி ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். வீடு மாறும்போது முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து ஐந்து மாதம் கழித்துத்தான், திரும்பிய பார்சல்கள் எல்லாம் பழைய லயத்து வீட்டுத் திண்ணையில் இறங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஏழு பார்சலை எடுத்து, மழை படாமல் கோழிக்கூடைக்குள் அடுக்கி, ‘பிள்ளை வரும்’ என்று வைத்திருந்தார். உங்களுடையது எந்த வீட்டு முகவரியில் இருக்கிறது என்று இப்போதே திறந்து பாருங்கள்.