அனியாக்சாக் எரிமலைப் பெருங்குழியைச் சென்று காண்பது எப்படி

அலாஸ்கா தீபகற்பத்தில், பெரிங் கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் நடுவே அமைந்துள்ள அனியாக்சாக் தேசியக் காப்பகத்துக்குச் சாலை கிடையாது. உள்ளே நடப்பதற்கு வகுத்த பாதையோ தங்குவதற்கு அமைத்த முகாமோ கிடையாது. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் வெடிப்பில் ஓர் உயர்ந்த எரிமலையின் உச்சி உள்வாங்கிச் சரிந்ததால் உண்டான, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமும் சராசரியாக 500 மீட்டர் ஆழமும் உடைய பெருங்குழியே இங்கு காண வேண்டியது. அதன் அழகு மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிடிபடுவதன்று. குழியின் தரையில் சில நாட்கள் தங்கி நடப்பவருக்கே அது விளங்கும் என்பதால், பயணத் திட்டத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கரேஜிலிருந்து கிங் சால்மன் என்னும் சிற்றூர் வரை பயணிகள் விமானம் செல்கிறது. அங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 240 கிலோமீட்டர் பறந்து, குழிக்குள் இருக்கும் சர்ப்ரைஸ் ஏரியில் இறங்குவதற்கு, மிதவை பொருத்திய சிறு விமானத்தை முன்கூட்டியே அமர்த்த வேண்டும். ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரையிலான காலமே ஏற்றது. விமான நிலையத்தை அடுத்துள்ள பூங்காத் துறையின் தகவல் மையத்தில் பயண விவரத்தைச் சொல்லி, வானிலையையும் கரடிகளைப் பற்றியும் கேட்டறிந்துகொண்டு புறப்படுங்கள்.

இரு கடல்களின் காற்றும் மோதிக்கொள்ளும் இடமாதலால், விமானம் குறித்த நாளில் இறங்குவது அரிது. குறித்த நாளில் வந்து அழைத்துச் செல்வதும் அப்படியே. ஆகவே போகும்போதும் திரும்பும்போதும் உபரி நாட்களை ஒதுக்கி, அவற்றுக்கும் சேர்த்து உணவு கொண்டுசெல்வது இந்தப் பயணத்தின் முதல் விதி. பலத்த காற்றைத் தாங்கும் தாழ்வான கூடாரம், நனைந்தாலும் சூடு காக்கும் கம்பளி உடை, செயற்கைக்கோள் தொலைபேசி, கரடியால் திறக்க முடியாத உணவுப் பெட்டி ஆகியவற்றில் எதையும் குறைக்கக் கூடாது. சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் கூடாரத்திலிருந்து நன்கு விலகியிருக்கட்டும்.

உள்ளே சென்றபின் மேற்குப் பகுதியை முதலில் பாருங்கள். 1931 மே மாதத்தில் வெடித்த வாய் அங்குதான் இருக்கிறது. பெர்னார்ட் ஹப்பர்ட் என்னும் பாதிரியார் 1930-இல் இந்தக் குழிக்குள் வந்து பசுமையும் மலர்களும் செழித்திருக்கக் கண்டார். வெடிப்புக்குப் பின் மீண்டும் வந்தபோது அதே தரை சாம்பலாலும் கரியாலும் மூடிக்கிடந்தது. இன்று அந்த வாயிலிருந்து ஏரியை நோக்கிக் கிழக்கே நடந்தால், கறுத்த கசடும் நுரைக்கல்லும் நிறைந்த வெற்றுத்தரையில் தொடங்கி, பாசி, சிறு பூச்செடிகள், ஏரிக்கரைப் பசுமை என உயிர் திரும்பிவரும் படிகளை அடுத்தடுத்துக் காணலாம். நான் இந்த நடையைத்தான் இப்பயணத்தின் உயிராகக் கருதுகிறேன். சாம்பலில் வேரூன்றத் தொடங்கிய செடி ஒரு காலடியில் அழிந்துபோகும். அதனால் கல்மேலும் வெறும் சரளைமேலும் கால்வைத்து நடப்பது கடமை.

பாதியாகப் பிளந்து நிற்கும் ஹாஃப் கோன் என்ற கூம்பையும் தவறவிட வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் ஊகிக்கவே முடியாத எரிமலையின் உட்புறம், சிவப்பும் கறுப்புமான அடுக்குகளாக அங்கே வெளிப்பட்டிருக்கிறது. வானம் மாறும் நேரங்களில் குழியின் விளிம்பைக் கவனியுங்கள்: வெளியே திரண்ட மேகம் சுவரின் மேல் ஏறி, அருவிபோல் உள்ளே வழிந்து, தரையைத் தொடுவதற்குள் கரைந்துபோகும். ஆனால் மேகம் வழியும்போது காற்றும் உடன் இறங்கலாம்; கூடாரக் கயிறுகளை அப்போதே இறுக்கிக்கொள்ளுங்கள்.

முற்காலத்தில் குழிக்குள் பரந்திருந்த பெரிய ஏரி, கிழக்குச் சுவரை உடைத்துக்கொண்டு பெருவெள்ளமாக வெளியேறியது. எஞ்சிய நீரே இன்றைய சர்ப்ரைஸ் ஏரி. உடைந்த இடம் 'கேட்ஸ்' எனப்படும் வாயில். அந்தத் திறப்பின் வழியாகவே கடலிலிருந்து சாக்கை சால்மன் மீன்கள் அனியாக்சாக் ஆற்றில் எதிர்நீச்சலிட்டு, எரிமலைக்குள் இருக்கும் ஏரி வரை வந்து முட்டையிடுகின்றன. மீன் ஏறும் காலத்தில் பழுப்புக் கரடிகளும் ஆற்றோரம் வரும். புதருக்குள் நடக்கையில் பேசிக்கொண்டே செல்லுங்கள். கரடி எதிர்ப்பட்டால் ஓடாமல், அதற்கு வழிவிட்டு மெல்லப் பின்வாங்குங்கள்.

காற்றடைத்த ரப்பர் படகை வேகமான நீரோட்டத்தில் செலுத்திப் பழகியவர்கள், அதே ஆற்றில் பசிபிக் கரையிலுள்ள அனியாக்சாக் விரிகுடா வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டர் செல்லலாம். வாயிலை ஒட்டிய மேற்பகுதி பாறைகள் நிறைந்தது, சரிவும் மிகுதி. அங்கே முன்கூட்டி இறங்கிப் பார்த்துவிட்டே படகை விட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் ஆற்றை விட்டுவிட்டு, ஏரியிலிருந்தே விமானத்தில் திரும்ப ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. மிச்சமாகும் நாட்களைக் குழிக்குள்ளேயே செலவிடலாம்.