லேஅப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி மைதானங்களில் கூடைப்பந்துப் பயிற்சி பெரும்பாலும் லேஅப் (ஓடிவந்து தாவி, ரிங்குக்கு அருகிலிருந்து பந்தைப் போடுவது) வரிசையில்தான் தொடங்கும். வலப்பக்கம் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடிவருவார்கள். வலது கால், இடது கால், ஒரு தாவல், வலது கையால் போர்டில் பட்டு ரிங்குக்குள் பந்து. நன்றாகத்தான் விழும். ஆட்டத்தில் எதிரணிப் பிள்ளை ஒருவர் குறுக்கே வந்து நின்றதும் அதே கைகள் தடுமாறிப்போகும். லேஅப்பை ஒரே ஒரு அசைவாகப் பழக்கியதன் விளைவு இது. ரிவர்ஸ் (ரிங்குக்கு அடியில் கடந்து மறுபக்கத்திலிருந்து போடுவது), யூரோ ஸ்டெப் (ஒரு பக்கம் அடிவைத்து மறுபக்கம் திரும்புவது), ஃப்ளோட்டர் (சற்றுத் தள்ளியிருந்து பந்தை மென்மையாக உயரே விடுவது), ஃபிங்கர் ரோல் (விரல்நுனியால் பந்தை உருட்டிவிடுவது) எல்லாமே டிஃபெண்டர், அதாவது தடுக்க வருபவர், எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்து ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தவை. அந்த டிஃபெண்டரே இல்லாத பயிற்சியில் அவற்றைக் கற்றுக்கொள்ள முடியாது. நம் பயிற்சிகளில் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

அதற்கும் முன்னால் நடக்கும் தவறு பந்திலேயே இருக்கிறது. பெரிய ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, 3.05 மீட்டர் உயர ரிங்கில் போடச் சொல்கிறோம். பலம் போதாத பிள்ளை பந்தை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி எறியும். அந்தப் பழக்கம் பதினைந்து வயதிலும் போகாது. சிறுவர்களுக்கு 5-ஆம் எண் பந்து. மினி கூடைப்பந்தில் ரிங்கின் உயரமே 2.60 மீட்டர்தான். ரிங்கை இறக்க வசதி இல்லையென்றால் பந்தையாவது மாற்றுங்கள்.

அப்புறம் கால். லேஅப் தவறியதும் "கையைச் சரியா வை" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். ஆனால் பிழை தொடங்குவது காலில். முதல் அடி நீளமாகவும் இரண்டாவது அடி சற்றுக் குறுகலாகவும் விழுந்தால்தான் ஓட்டத்தின் வேகம் மேல்நோக்கித் திரும்பும். இரண்டு அடியும் நீளமாகப் போனால் உடல் முன்னால் பறந்து ரிங்குக்கு அடியில் போய் நிற்கும். பந்து போர்டில் மோதித் தெறிக்கும். கண் பந்தில் இருக்கக் கூடாது. போர்டில் வரைந்திருக்கும் சிறிய கட்டத்தின் மேல் மூலையில், நாம் வரும் பக்கத்து மூலையில், பதிய வேண்டும்.

இடது கையை ஒதுக்கிவைப்பது எல்லோரும் அறிந்த தவறு, எல்லோரும் செய்வதும்கூட. இதற்கு நல்ல மருந்து மைக்கன் பயிற்சி. 1940-களில் அமெரிக்காவின் டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ரே மேயர், 2.08 மீட்டர் உயர ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கனைப் பழக்கிய முறை இது. ரிங்குக்கு அடியில் நின்று வலப்பக்கம் வலது கையால் ஒன்று. பந்து தரையைத் தொடும் முன் பிடித்து இடப்பக்கம் இடது கையால் ஒன்று. டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) கிடையாது. பந்து தோளுக்குக் கீழே இறங்கவே கூடாது. பிள்ளைகள் இறக்கிவிடுவார்கள், விடாமல் கவனியுங்கள்.

வீடியோ பார்த்து அப்படியே செய்வது இன்றைய தவறு. யூரோ ஸ்டெப்பை அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குக் கொண்டுவந்தவர், 1989-இல் அங்கே ஆடத் தொடங்கிய லிதுவேனியாவின் ஷருனாஸ் மார்ச்சுலியோனிஸ் என்பார்கள். உலகம் முழுக்கப் பரப்பியவர் அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி. முதல் அடியை ஒரு பக்கம் வைக்கும்போது டிஃபெண்டர் அதை நம்பி நகர வேண்டும். நகர்ந்த பிறகுதான் இரண்டாவது அடிக்கு அர்த்தம். யாருமே இல்லாத மைதானத்தில் பழகும் பிள்ளை வளைந்து வளைந்து நடக்க மட்டும் கற்றுக்கொள்கிறது. யாரும் தடுக்காத இடத்தில்கூட அதையே செய்து நேரத்தை இழக்கிறது. பந்தை இடுப்பருகே வைத்து வளைந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டிவிடுவார். ஒரு கோச்சோ சக ஆட்டக்காரரோ ரிங்குக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் நகர்ந்தால் போதும். எந்த லேஅப் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும்.

உடலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க விடுவதும் முக்கியம். என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஜார்ஜ் கெர்வினின் ஃபிங்கர் ரோல் 2.01 மீட்டர் உயர உடலுக்கும் நீண்ட கைக்கும் அழகாக வந்தது. குள்ளமான பிள்ளை அதைத் தூரத்திலிருந்து முயன்றால் பந்து ரிங்கின் நுனியில் பட்டு விழும். அந்தப் பிள்ளைக்கு ஃப்ளோட்டர் பொருந்தும்: உயரமான டிஃபெண்டர் வந்து சேரும் முன்பே, சற்றுத் தள்ளி நின்று பந்தை மென்மையாக உயரே விடுவது. 1.88 மீட்டர் உயர டோனி பார்க்கர் நெட்டையர்களுக்கு நடுவே புகுந்து புள்ளிகள் குவித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், யாருக்கும் முதலில் சொல்லித்தர வேண்டியது இரண்டு கால்களையும் ஊன்றித் தாவும் சாதாரண லேஅப்தான். பார்க்கக் கவர்ச்சி இல்லாததால் பிள்ளைகள் தவிர்க்கிறார்கள். உடல்கள் மோதும் இடத்தில் நிலை தடுமாறாமல் முடிக்க அதைவிட நம்பகமானது இல்லை.

"தப்பான கால்" என்று உடனே அதட்டுவதும் வேண்டாம். வலது கையால் போடும்போது வலது காலிலேயே தாவுவது தொடக்கத்தில் பிழைதான், திருத்தத்தான் வேண்டும். ஆனால் அடிப்படை வந்த பிள்ளை அதை வேண்டுமென்றே செய்தால், டிஃபெண்டர் எதிர்பார்ப்பதற்கு ஒரு நொடிப்பொழுது முன்பே பந்து போய்விடும். என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஸ்டீவ் நாஷ் அப்படித்தான் உயரமானவர்களைத் தாண்டினார். "ஏம்ப்பா, அந்தக் காலில் ஏன் தாவினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை அடி வைக்கலாம் என்று சொல்லும் டிராவல் விதியில் பல கோச்சுகளே பழைய கணக்கில் இருக்கிறார்கள். 2017 அக்டோபர் முதல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் கொண்டுவரும் நேரத்தில் தரையில் இருக்கும் கால் எண்ணிக்கையில் சேராது. அதற்குப் பிறகே இரண்டு அடி. இதைத் தெரியாமல் சரியான யூரோ ஸ்டெப்பையும் தவறு என்று நிறுத்துவதால் பிள்ளைகள் அதைக் கைவிடுகிறார்கள்.

கடைசியாக, இறங்குவது. முழங்காலை விறைப்பாக வைத்து ஒற்றைக் காலில் இறங்கும் பிள்ளையைக் கண்டால் அன்றே திருத்துங்கள். ஏ.சி.எல். எனும் முழங்கால் தசைநார்க் காயம் பருவ வயதுப் பெண்களுக்குப் பையன்களைவிட அதிகம் ஏற்படுகிறது என்பதால் அவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. முடிந்தவரை இரண்டு கால்களிலும், முழங்கால் மடங்கி, உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழக்குங்கள். சிமெண்ட் தரையில் ஆடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம்.