படகு வாங்கும்முன் குனிந்து அடியைப் பாருங்கள்
காசிமேட்டில் ஃபைபர் படகு வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் குதிரைசக்தியை மட்டும் விசாரிக்காமல், பின்பக்க அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தட்டையாக இருந்தால் துறைமுகத்துக்குள் அமைதியான தண்ணீரில் சட்டென்று மேலெழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும், எரிபொருளும் மிச்சம். ஆனால் தடுப்புச்சுவரைத் தாண்டி அலையில் ஏறிவிட்டால் ஒவ்வொரு முறையும் பலகையால் அறைந்த மாதிரி விழும், முதுகு தாங்காது. பின்பக்கம் வரை 20 டிகிரிக்கு மேல் சரிகிற 'வி' வடிவ அடி அலையை வெட்டிக்கொண்டு போகும். அதே வேகத்துக்கு எஞ்சின் பலம் கூடுதலாக வேண்டும், நிற்கும்போது ஆட்டமும் அதிகம். தினமும் கடலுக்குப் போகிறவருக்கு நான் நடுத்தரச் சரிவைத்தான் சொல்வேன். அப்புறம், அமைதியான தண்ணீரிலேயே வேகத்தில் அணியம் (படகின் முன்பக்கம்) மேலும் கீழும் குதித்தால், ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.