பிள்ளைகளைத் துப்பாக்கி சுடுதலுக்கும் வேட்டைக்கும் முறையாகப் பழக்குவது எப்படி?

மலேசியாவில் துப்பாக்கி என்பது வீட்டில் வாங்கி வைத்துப் பழகிப் பார்க்கும் பொருள் அன்று. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ரைபிளும் ஆயுதமே. போலீஸ் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். அசலைப் போலவே தோற்றமளிக்கும் போலித் துப்பாக்கிகளையும் அச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, கோலாலம்பூர் வட்டாரப் பெற்றோர் இணைய அங்காடிகளில் எதையும் தேடாமல், முறையாகப் பதிவு பெற்ற துப்பாக்கி சுடும் கழகத்தை நாடுவதே சரியான தொடக்கம். 2017ஆம் ஆண்டு சீ விளையாட்டுப் போட்டியின் துப்பாக்கி சுடும் அங்கங்கள் நடைபெற்ற சுபாங் வளாகத்தில் போட்டி ஏதேனும் நடக்கும்போது, பிள்ளையை முதலில் பார்வையாளராக அழைத்துச் செல்லுங்கள். அங்கு நிலவும் அமைதியும் ஒழுங்கும் திரைப்படத் துப்பாக்கியை அவன் மனத்திலிருந்து பாதியளவு அகற்றிவிடும்.

பெண்பிள்ளைகளுக்கு இது ஏற்றதா என்று தயங்குவோர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் களமிறங்கிய நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி முகமது தாயிபியை நினைவில் கொள்ளலாம். உடல் வலிமையைக் காட்டிலும் மன நிதானத்தையே அதிகம் கேட்கும் விளையாட்டு இது.

எந்த வயதில் தொடங்கலாம் என்பதைக் கழகத்தின் விதி முடிவு செய்யட்டும். ஆனால், அந்த வயதை எட்டிய எல்லாப் பிள்ளைகளும் ஆயத்தமாகிவிட்டதாக நான் கருதுவதில்லை. விளையாட்டின் மும்முரத்தில் இருக்கும்போது "நிறுத்து" என்று ஒரு முறை சொன்னால் அந்தக் கணமே நிறுத்துகிற பிள்ளைதான் ஆயத்தமான பிள்ளை. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தால் இன்னும் ஓராண்டு பொறுத்திருங்கள். அதனால் எந்த நட்டமும் இல்லை.

முதல் வகுப்பில் ஒரு குண்டுகூடச் சுட வேண்டியதில்லை. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பப்பட்டதாகவே கருத வேண்டும். அதன் வாயை ஒருபோதும் மனிதர் பக்கம் திருப்பக் கூடாது. இலக்கின் மீது குறி படியும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இவற்றை மனப்பாடம் செய்வித்தால் போதாது, கை பழக வேண்டும். பிள்ளை துப்பாக்கியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதன் சுட்டுவிரலை மட்டும் கவனியுங்கள். விரல் தானாகவே விசைக்குள் நுழையப் பார்க்கும். அதை விசைக்கு மேலே, கட்டையின் பக்கவாட்டில் நீட்டி வைக்கும் பழக்கம் சொல்லாமலே வரும் வரை ஈயக் குண்டைக் கையில் கொடுக்காதீர்கள். சுட்டு முடித்ததும் குண்டு அறையைத் திறந்து, வண்ண நைலான் கயிற்றைக் குழலுக்குள் செலுத்தி வைப்பது திடல்களின் வழக்கம். துப்பாக்கி வெறுமையாக இருக்கிறது என்பதற்கு அதுவே கண்கூடான சான்று. "லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்", "அன்லோட்" என்னும் கட்டளைகளுக்குப் பொருள் தெரியாத பிள்ளை சுடும் கோட்டுக்கு வரவே கூடாது.

அடுத்து, எந்தக் கண் ஓங்கியது, அதாவது குறி பார்க்கும்போது இயல்பாக முந்திக்கொள்வது எந்தக் கண் என்று கண்டறியுங்கள். இரு உள்ளங்கைகளையும் முன்னே நீட்டிச் சேர்த்து, நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவிலுள்ள கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் செய்தால், எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் மறைகிறதோ அதுவே ஓங்கிய கண். போட்டி ஏர் ரைபிள் 5.5 கிலோகிராம் வரை எடை கொண்டிருக்கலாம் என்பதால், சிறுவர்கள் தாங்கியின் மீது வைத்தே தொடங்க வேண்டும். 10 மீட்டர் தொலைவிலுள்ள அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர். அதைத் துரத்த விடாதீர்கள். குண்டுகள் ஓரிடத்தில் நெருங்கி விழுந்தாலே தொடக்கத்திற்குப் போதும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, சில விநாடிகளுக்குள் விசையை மெல்ல அழுத்த வேண்டும். குறி ஆடத் தொடங்கினால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள். இறக்கத் தெரிந்த பிள்ளையை அங்கேயே பாராட்டுங்கள்.

கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். குண்டுகள் ஈயத்தாலானவை என்பதால், திடலில் எதையும் உண்ணக் கூடாது; திரும்பும்முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வேட்டை வேறு உலகம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் பெற்றவர் மட்டுமே, அதுவும் அனுமதிக்கப்பட்ட விலங்கை மட்டுமே வேட்டையாடலாம். புலியும் தப்பீரும் முழுப் பாதுகாப்புக்கு உரியவை. உரிமம் உள்ள உறவினர் செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறார் என்பதற்காகப் பிள்ளையின் கையில் துப்பாக்கி கொடுப்பதை ஒருபோதும் ஏற்க முடியாது. மாறாக, பகலில் தோட்டத்தின் ஓரத்தில், பன்றி கிளறிப்போட்ட மண்ணையும் ஈரத்தில் பதிந்த குளம்படியையும் காட்டி, எத்திசையில் சென்றது என்று அவனையே சொல்ல விடுங்கள். பிறகு, அங்கே ஒரு விலங்கு நின்றால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சிறிய .22 அங்குலத் தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது. அந்தத் தொலைவுக்குள் தொழிலாளர் வீடுகளும் கோயிலும் சாலையும் வந்துவிடும். சலசலப்பைக் கேட்டதும் விலங்கென்று எண்ணிச் சுட்டு, மனித உயிரைப் பறித்த துயரங்கள் வேட்டையில் நேர்ந்திருக்கின்றன. எனவே, முழு உருவமும் தெளிவாகத் தெரியாததைச் சுடக் கூடாது என்பதை இந்த வயதிலேயே பதிய வையுங்கள். இரவு வேட்டைக்குப் பிள்ளையை எந்தக் காரணத்திற்காகவும் அழைத்துச் செல்லாதீர்கள்.