சுண்டெலியின் பெருந்தமனி வேரில் கொழுப்புப் படிவை அளக்கும் முறை

இரத்தக் கொழுப்பை அகற்ற உதவும் புரதத்துக்கான ஆபோஇ (ApoE) மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் 1992இல் உருவாக்கப்பட்டன. தமனித் தடிப்பு ஆய்வில் இன்றும் அதிகம் பயன்படுபவை அவைதான். எடையில் 21% கொழுப்புள்ள தீனியை 12 வாரம் கொடுத்தால் பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடமான பெருந்தமனி வேரில், வால்வு இதழ்களை ஒட்டிப் படிவுகள் நன்றாகத் தெரியும். சாயமேற்றுவது சுலபம். முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் வெட்டும் கோணம்தான்.

நெறிமுறைக் குழு அனுமதித்த முறையில் உயிர்நீக்கிய பின், இடது கீழறை வழியே உப்புக்கரைசல் செலுத்தி இரத்தத்தை வெளியேற்றுங்கள். மேலறைகளின் அடிவிளிம்புக்கு இணையாக இதயத்தை வெட்டி, மேல்பாதியை ஓசிடி (OCT) என்ற உறைபதிப்புப் பசையில் பதித்து உறைய வையுங்கள். பாராஃபின் வேண்டாம்; அதற்குமுன் வரும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும்.

உறைந்த திசுவைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் −20 டிகிரியில், 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுங்கள். அவ்வப்போது நுண்ணோக்கியில் பாருங்கள். மூன்று இதழ்களும் ஒருசேரத் தெரியும் இடம்தான் தொடக்கம். ஒன்று முன்னே வந்து மற்றவை வராவிட்டால் உறைந்த ஓசிடிக் கட்டி சாய்ந்திருக்கிறது. அங்கேயே நிறுத்திக் கோணத்தைத் திருத்துங்கள். சாய்ந்த சீவலில் வேர் நீள்வட்டமாகும், படிவின் பரப்பும் கூடுதலாக வரும். மருந்து செய்யாத வேலையை அது செய்ததாகக் காட்டும் அளவுக்கு இந்தப் பிழை பெரிது. தொடக்கத்திலிருந்து 80 மைக்ரோமீட்டருக்கு ஒரு சீவலை அளவுக்கு எடுங்கள்.

100 மி.லி. ஐசோபுரோப்பனாலில் கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயமான ஆயில் ரெட் ஓவை 0.5 கிராம் கரைத்து வையுங்கள். பயன்படுத்தும் அன்று அதில் 3 பங்குக்கு 2 பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, 10 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். சீவல்களை ஃபார்மலினில் 10 நிமிடம் வைத்துக் கழுவி, 60% ஐசோபுரோப்பனாலில் நனைத்து, மூடிய ஜாடியில் 15 நிமிடம் சாயமேற்றுங்கள். திறந்து வைத்தால் ஐசோபுரோப்பனால் ஆவியாகி, ஸ்லைடு முழுக்கச் சிவப்புத் துகள் படியும். மறுபடி 60% கரைசலில் ஒரு முக்கு மட்டும். நேரம் கூடினால் படிவின் நிறமும் போய்விடும். செல் கருக்களை நீலமாக்கும் ஹீமடாக்சிலின் சாயத்துக்குப் பின் கிளிசரின் ஜெல்லியால் மூடுங்கள். கவர்ஸ்லிப்பை அழுத்தினால் கொழுப்புத்துளிகள் இடம்பெயரும்.

படங்களை அளக்கும் மென்பொருளான இமேஜ்ஜேயில் (ImageJ) அளக்குமுன் தமனிக்கு வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கோடிட்டு விலக்குங்கள். அதுவும் சிவப்பாகவே இருக்கும். எந்த எலி எந்தக் குழு என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. வேரின் பரப்பில் படிவின் சதவீதத்தோடு படிவின் பரப்பையும் சதுர மைக்ரோமீட்டரில் எழுதுங்கள், ஆண் பெண் எலிகளுக்குத் தனித்தனியாக.