அர்பன் டிசைனர் ஆக என்ன படிக்க வேண்டும், எதைப் பழக வேண்டும்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பி.ஆர்க் (ஆர்க்கிடெக்சர் இளநிலைப் பட்டம்) கடைசி வருடத்தில் இருப்பவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஆர்க்கிடெக்ட் தெரியும், டவுன் பிளானர் தெரியும், அர்பன் டிசைனர் என்றால் யார்?

மதுரையை வைத்துச் சொல்கிறேன். மீனாட்சி அம்மன் சன்னதியிலிருந்து வெளியே நடந்தால் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வரும். எந்த இடத்தில் கடை வரலாம், எங்கே வீடு, பேருந்து நிலையத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதையெல்லாம் பிளானர் பார்ப்பார். அந்த வீதியில் ஒரு ஜவுளிக்கடையை ஆர்க்கிடெக்ட் வரைவார். ஆனால் கடை வாசற்படி நடைபாதையில் எப்படி இறங்குகிறது, மரம் எங்கே, பேருந்துக்கு நிற்பவருக்கு நிழல் உண்டா, தேர் திரும்பும் முக்கில் என்ன இருக்கக் கூடாது என்று கட்டடங்களுக்கு இடையில் கிடக்கும் இடத்தை மொத்தமாக யோசிக்க ஒருவர் வேண்டும். அதுதான் இந்த வேலை.

சரி, படிப்பு. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.ஆர்க் சேர நாட்டா என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்ஐடி, டெல்லி எஸ்பிஏ (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) மாதிரி மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு ஜேஇஇ மெயின் இரண்டாம் தாள். பி.ஆர்க் 5 வருடம், அதற்குள் ஓர் அலுவலகத்தில் பயிற்சியும் வந்துவிடும். முடித்ததும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. அர்பன் டிசைனர் என்ற பெயருக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு கிடையாது. அதனால் வேலை தருபவர் பட்டத்தோடு சேர்த்து நீங்கள் வரைந்ததையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்.

அப்புறம் 2 வருட முதுகலை. டெல்லி எஸ்பிஏ, போபால் எஸ்பிஏ, அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். எஸ்பிஏக்களுக்கு கேட் என்ற முதுகலை நுழைவுத் தேர்வில் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் தாள் எழுத வேண்டும். பல இடங்களில் எம்.ஆர்க் அர்பன் டிசைனுக்கு பி.ஆர்க் கட்டாயம். சிவில் படித்தவர்கள் மனம் தளர வேண்டாம், எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுகலை) வழி திறந்திருக்கிறது. அதில் சேர்ந்து தெரு, போக்குவரத்து என்று உங்கள் ஆய்வைத் திருப்பிக்கொள்ளலாம்.

இந்தத் துறைக்கு வந்தவர்கள் யாரும் ஒரே கதவு வழியாக வரவில்லை. இதைத் தனிப் படிப்பாகப் பேச ஆரம்பித்ததே 1956-இல் ஹார்வர்டில் ஹோசே லூயிஸ் செர்ட் கூட்டிய மாநாட்டில்தான். அவர் ஆர்க்கிடெக்ட். இன்னொருவர் கெவின் லிஞ்ச், அமெரிக்காவின் எம்ஐடியில் பிளானிங் படித்தவர். பாஸ்டனில் சாதாரண ஆட்களிடம் "உங்கள் ஊரை மனதிலிருந்து வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டு, அதிலிருந்து பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளச் சின்னம் என ஐந்தைப் பிரித்துக் காட்டினார், இன்றைக்கும் ஸ்டுடியோவில், அதாவது வரைந்து பழகும் வகுப்பில், முதல் வாரமே அதுதான். நம் நாட்டில் நவி மும்பைக்கான யோசனையை 1960களின் நடுவில் முன்வைத்தவர்கள் மூன்று பேர்: சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரிஷ் படேல். முதல் இருவரும் ஆர்க்கிடெக்ட், படேல் சிவில் இன்ஜினியர். அந்த மூன்றாவது ஆள், அதாவது இன்ஜினியர், இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பது என் அனுபவம்.

அதனால்தான் பி.ஆர்க் முடித்த கையோடு முதுகலைக்கு ஓட வேண்டாம், இன்ஜினியர்களோடு சேர்ந்து 2 வருடம் வேலை பாருங்கள் என்கிறேன். என் முதல் தெரு வேலையில் நடைபாதைக்கு 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் விட்டு வரைந்தேன். ஐஆர்சி (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) விதி சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. வேலை முடிந்து போய்ப் பார்த்தால் நட்டநடுவில் ஒரு மின்சாரப் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி), பக்கத்தில் மிஞ்சியது 70 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி அதில் நுழையாது. அந்தப் பெட்டி வரும் இடம் வேறொரு துறையின் வரைபடத்தில் முன்பே இருந்திருக்கிறது, எங்கள் மேஜைக்கு அது வரவே இல்லை. அன்றிலிருந்து பென்சில் எடுக்கும் முன் குடிநீர், சாக்கடை, மழைநீர் வடிகால், மின்சாரம், டெலிபோன் கேபிள் என ஐந்துக்கும் வரைபடம் வாங்கிவிடுவேன். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதி ஜூனியர் இன்ஜினியரோடு தெருவில் நடந்து மேன்ஹோல் மேன்ஹோலாகக் குறித்துக்கொள்வேன்.

இதற்குக் கல்லூரி சேரும் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் ஊரில் ஆள் நடமாட்டமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள், 30 மீட்டர் டேப்போடு ஒரு நண்பரையும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளந்து படி, வடிகால், நடைபாதை, நிற்கும் பைக்குகள், வண்டி ஓடும் பகுதி எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறித்து 1:100 அளவில் (1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்) செக்ஷன், அதாவது தெருவைக் குறுக்கே வெட்டிப் பார்த்த படம், வரையுங்கள். காலை 8, மதியம் 1, மாலை 7 என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், நடப்பவர்களை எண்ணுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

நான் இதைக் கீழ மாசி வீதியில் செய்தபோது ஒரு பூக்கார அம்மாவைக் கவனித்தேன். வடக்கு தெற்காக ஓடும் தெரு அது. காலையில் கூடையைக் கிழக்குப் பக்கச் சுவரோரம் வைத்திருந்தார், உச்சிப்பொழுது தாண்டியதும் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் வந்துவிட்டார். கட்டட நிழல் போகும் பக்கம் அவர் போகிறார், வாங்குபவர்களும் அந்தப் பக்கமே நடக்கிறார்கள். அந்த இரண்டு இடங்களையும் செக்ஷனில் நிழலோடு வரைந்து வைத்தேன். ஜூரியில், அதாவது எங்கள் வரைபடங்களை மதிப்பிட்ட அமர்வில், மற்ற ஷீட்டுகளைச் சீக்கிரம் கடந்துவிட்டு இதன் முன்னால்தான் நெடுநேரம் நின்று பேசினார்கள்.

மென்பொருள் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் போதும். கடைசியாகச் சொன்னது இலவசம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவை அதில் இறக்கி உங்கள் ஊரை வைத்தே பழகலாம்.

வேலை பெரும்பாலும் மாநகராட்சிகளுக்குத் தெருக்களும் பூங்காக்களும் வரைந்து தரும் ஆலோசனை நிறுவனங்களிலும் பெரிய ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களிலும் கிடைக்கிறது. அரசு வேலை விரும்புபவர்கள் டிஎன்பிஎஸ்சி நடத்தும் நகர ஊரமைப்புத் துறைத் தேர்வுகளைப் பாருங்கள், ஆனால் அங்கே எந்தப் பட்டம் செல்லும் என்று அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள். சென்னைக்கு வந்தால் 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் ஒரு மாலை முழுக்க உட்காருங்கள், எந்த இருக்கை நிரம்புகிறது, எது காலியாகவே கிடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரைந்தவற்றைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோ 20 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் நீங்கள் டேப் பிடித்து அளந்த அந்தத் தெருவின் செக்ஷனை வையுங்கள், அளந்த தேதியும் நேரமும் கீழே இருக்கட்டும்.